தையலுக்கு விட்ட நிலம்

“அம்மா, நம்ம வீட்டுக்கு வெளிய எப்பம்மா வரும்?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. அப்போது அவர்கள் இருந்தது இரண்டாம் மாடியில், இரண்டே அறை கொண்ட வாடகை வீடு. கதவைத் திறந்தால் படிக்கட்டு, படிக்கட்டு முடிந்தால் தெரு, தெருவில் லாரி. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தங்கள் வீட்டின் பின்பக்கம் ஓடுவதையும் விழுவதையும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பல் முளைப்பது போல வீடுகளுக்கும் வெளி என்று ஒன்று ஒருநாள் முளைக்கும் என்று அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருந்தது.

அம்மா அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால் கண்ணில் வந்த தண்ணீருக்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “வரும்டா கண்ணு. ஊஞ்சலோட வரும்,” என்றாள்.

குழந்தைக்குச் சொன்ன சொல் சும்மா கிடக்காது, உள்ளே உட்கார்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாத்திரை அட்டைகளைக் கத்தரியால் நறுக்கி, “சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்கு அப்புறம்” என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டவள். கணவர் தையல்காரர். கடைத்தெருவில் ஒற்றை ஷட்டர் கடை, இரண்டு மெஷின், கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப். இருவருமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஊரின் ஓரத்தில் மனை வாங்கி வீட்டை எழுப்புவதற்குள் மகளுக்கு ஒன்பது முடிந்துவிட்டது.

வரைபடம் போட்ட எஞ்சினியர் மூன்று படுக்கையறை போட்டுக் காட்டினார். அவள் ஒன்றை அடிக்கச் சொன்னாள்.

“எல்லாரும் ரூம் கேப்பாங்க. நீங்க ரூம எடுக்கச் சொல்றீங்களேம்மா.”

“அந்த இடத்தப் பின்னாடி விடுங்க சார். எனக்கு வெளிய வேணும்.”

வரைபடத்தில் வீட்டுக்குப் பின்னால் முப்பதடி அகலம், பதினெட்டடி ஆழம் என்று வெள்ளையாக ஒரு கட்டம் விழுந்தது. சுவரும் கூரையும் இல்லாத அந்த அறைதான் வீட்டிலேயே அவளுக்குப் பிடித்த அறை.

வெறும் இடம் மனிதர்களை என்ன பாடு படுத்தும் என்பது குடி வந்து சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சமையலறை அலமாரி எங்கே வர வேண்டும் என்பது பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பின்பக்கத்துக்கு மட்டும் ஆளுக்கொரு திட்டம். வீடு பார்க்க வந்தவர்கள் டீ தம்ளரோடு பின்வாசலில் நின்று, காலி மண்ணை இரக்கத்தோடு பார்த்து, “இங்க ஏதாவது போடலாமே” என்றார்கள். கணவருக்கு அங்கே ஒரு தகரக் கொட்டகை வேண்டும். பழைய மெஷினையும், தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் துணி மூட்டைகளையும் வைக்க. மருந்துக்கடை முதலாளி கார் நிறுத்தச் சொன்னார். தங்களிடம் கார் இல்லை என்று அவள் சொன்னதற்கு, “வாங்காமயா போயிடுவீங்க” என்றார்.

இவர்களையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதவர் நாத்தனார்.

நாத்தனார், அவள் கணவரின் அக்கா. தங்கமான மனசு, ஆனால் அந்த மனசுக்கு பிரேக் கிடையாது. வீடு கட்டிக்கொண்டிருந்த கோடையில் அவளுடைய அம்மாவுக்குத் திடீரென்று ஆபரேஷன் செய்ய வேண்டி வந்து, கணவனும் மனைவியும் வேறு ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தபோது, மகளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை, அவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழுந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் குட்டி லாரி வந்து நின்றது. நான்கு பேர் முக்கி முனகி ஒரு சிமென்ட் அன்னத்தை இறக்கினார்கள். உட்கார்ந்த ஆள் உயரம். கழுத்தை வளைத்து, அலகைத் திறந்து, யாரையோ அதட்டப் போவது போல இருந்தது.

“இது வாயிலேர்ந்து தண்ணி கொட்டும்,” என்றார் நாத்தனார். “உள்ள லைட்டு போட்டா வயிறு நீலமா எரியும்.”

“எதுக்கு அண்ணி இவ்ளோ பெருசா...”

“நீ ஒண்ணும் பேசாத. புது வீட்டுக்கு நான் வேற என்ன செஞ்சேன்?”

மகள் அன்னத்தை ஒரு முறை சுற்றி வந்தாள். “அத்தை, இது ஏன் கோவமா இருக்கு?”

“அது கோவம் இல்லடி. கம்பீரம்.”

பின்பக்கத்தில் எங்கே வைப்பது என்று முடிவாகும் வரை அன்னம் கூடத்தில் இருக்க வேண்டும் என்றாயிற்று. தூசி படாமல் இருக்க நாத்தனாரே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் போனார். காலையில் அரைத்தூக்கத்தில் எழுந்து வந்தால், முந்தின நாள் வந்த விருந்தாளி ஒருவர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவது போலிருக்கும். இரண்டு முறை அவள் அதற்கு வழி விட்டு ஒதுங்கிப் போனாள்.

அன்னத்தைத் தொடர்ந்து ஒரு டிசைனரையும் நாத்தனார் அனுப்பிவைத்தார். தோட்டம் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பின்வாசலில் நின்றவர், மண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“ஒவ்வொரு மூலையும் நம்மகூட பேசணும் மேடம்.”

“எனக்குப் பேசாத மூலை ஒண்ணு போதும் சார்,” என்றாள் அவள். வீட்டில் பேசாமல் இருப்பது அந்த நேரத்தில் அன்னம் ஒன்றுதான்.

அடுத்த வாரம் வரைபடத்தோடு வந்தார். நட்டநடுவில் அன்னம், அதைச் சுற்றிக் குளம், குளத்தைச் சுற்றிக் கூழாங்கல். இடப்பக்கம் கல் பெஞ்ச், அதன் மேல் ஒரு பந்தல். வலப்பக்கம், கொடி படர்த்தி மறைத்த கணவரின் கொட்டகை. ஒரு கோடியில், வீட்டிலிருந்து பின்சுவரை நோக்கி ஆடும்படி ஊஞ்சல்.

“நீங்க கேட்டது ஊஞ்சல் மட்டும்தான், மறக்கல,” என்றார். “முன்னாடி பின்னாடி ஆடற இடமெல்லாம் விட்டுப் பாத்தா, பதினெட்டு அடியில கச்சிதமா உக்காந்துடும்.”

அவளுக்கு அன்னத்தின் மேல் இருந்த கோபம்கூடச் சற்று இறங்கியது. அப்போதுதான் டிசைனர் டேப்பை எடுத்தார். வீட்டுச் சுவரிலிருந்து பின்சுவர் வரை இழுத்தார். பார்த்தார். டேப்பை உதறிவிட்டு மறுபடி இழுத்தார்.

“மேடம், உங்க பிளான்ல பதினெட்டு. தரையில பதினாறரைதான் இருக்கு.”

“சுருங்கிடுச்சா?” என்றார் கணவர். துவைத்ததும் சுருங்கும் துணிகளோடு காலம் தள்ளுபவர். அதற்கு மேல் அவருக்கு யோசிக்கத் தெரியவில்லை.

“அப்ப ஊஞ்சல தூக்கிடலாம்,” என்றார் டிசைனர், பாலில் விழுந்த எறும்பை எடுப்பது போல. பென்சிலின் பின்பக்கத்தால் இரண்டு தேய்ப்பு. ஊஞ்சல் போயிற்று.

அவள் அழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தாறு வருஷம் மாத்திரை அட்டை நறுக்கியது, ஒரு படுக்கையறையை விட்டுக்கொடுத்தது எல்லாம் அந்தக் காகிதத்தில் ரப்பர் தூளாகக் கிடந்தது.

“ஊஞ்சல எடுக்கறதுக்கு பதிலா இந்தக் குளத்த...” என்று ஆரம்பித்தாள்.

“அன்னம் சென்டர் பீஸ் மேடம். அதுல கைய வச்சா மொத்தமும் படுத்துடும். அதோட உங்க அண்ணி ரொம்ப ஆசையா...”

அவள் வாயை மூடிக்கொண்டாள். வேண்டியவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதைவிட, முன்பின் தெரியாதவரோடு சண்டைக்குப் போவது நமக்கெல்லாம் எப்போதும் சுலபமாக இருக்கிறது. டிசைனரின் தலை மறைந்ததும் அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, பின்சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் பின்வீட்டுக்காரரின் தோட்டம். சுவரை ஒட்டி வரிசையாகக் குச்சி நட்டுக் கட்டிய தக்காளிச் செடிகள், அவற்றுக்கு நடுவே பீன்ஸ் கொடி. ஒரு தக்காளிச் செடியின் தூரில், மண்ணிலிருந்து வெள்ளைத் தலையை நீட்டிக்கொண்டு எல்லைக்கல். அவர்கள் மனைக்கு நட்ட கல். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அந்தப் பக்கம்.

பின்வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குக் கிரேன் என்றே பெயர். வருஷக்கணக்கில் அந்த இரைச்சலில் இருந்து காது மந்தமாகி, குரல் மட்டும் பெருத்துவிட்டது. அவர் நலம் விசாரித்தாலே அடிக்க வருவது போலிருக்கும். அதனால் யாரும் அவரை விசாரிக்க விடுவதில்லை. சுவருக்கு மேல் முளைத்த தலையைப் பார்த்ததும் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

“ஐயா, அந்தக் கல்லு எங்க எல்லைக்கல்லு.”

“கத்திப் பேசும்மா.”

“உங்க தக்காளி எங்க இடத்துல நிக்குது.”

“சுவரு யாரு கட்டுனது?”

“நாங்கதான்.”

“இங்கதான் கட்டணும்னு நான் சொன்னனா?”

“இல்ல.”

“அப்ப சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் வைக்காம யாரு செடி வைப்பா? நீ வந்து வைப்பியா, எகிறிக் குதிச்சு?”

“கல்லு கண்ணுக்குத் தெரியுதில்ல?”

“எனக்குத் தெரியுது. தக்காளிக்குத் தெரியல.” தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பிறகு, அவரளவில் அது தாழ்ந்த குரல்தான், சொன்னார்: “ஏம்மா, குடி வந்து இத்தன மாசமாச்சு. இன்னிக்குத்தான் எட்டிப் பாக்கற. அதுவும் சண்டைக்கு.”

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். இறங்கும்போது வாளி உருண்டு, கணுக்கால் சுவரில் உரசியது. எல்லாரும் சேர்ந்துகொண்டுதான் தன்னைப் படுத்துகிறார்கள் என்று தோன்றியது, வாளி உட்பட.

சாயங்காலம் முழுக்க அவள் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டுக் கோடு போட்டிருப்பான். கிரேனிடம் ஏதோ வாங்கிக்கொண்டு தள்ளிக் கட்டியிருப்பான். அவனை நம்பி வீட்டை விட்டோமே. கணவர் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக ஊம் கொட்டாமல் இருந்தார். கடைசியில் ஊசியை நெஞ்சுப் பக்கம் சட்டையில் குத்திவிட்டுச் சொன்னார்.

“மேஸ்திரிய விடு. கோடு போட்டது நான்தான்.”

“என்னது?”

“உங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு போன் வந்துது பாரு, அன்னிக்கு. நீ பைய எடுத்துக்கிட்டு ஆட்டோல உக்காந்துட்ட. மேஸ்திரி ‘சுவத்துக்குக் கோடு எங்க சார்’ங்கறான். நான் பையிலேர்ந்து துணிக்குக் கோடு போடற சாக்பீஸ எடுத்து, கல்ல பாத்து, கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன்.”

“ஏன் உள்ள தள்ளி?”

அவர் டேப்பின் நுனியைச் சுருட்டினார், விரித்தார். “தையலுக்கு விட்டேன்.”

அவளுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எந்தத் துணியை வெட்டினாலும் ஓரத்தில் கொஞ்சம் விட்டு, உள்ளே தள்ளித்தான் அவர் தையல் போடுவார். சட்டைக்காரர் நாளைக்குக் கொஞ்சம் சதை போட்டால் பிரித்துவிடத் துணி இருக்க வேண்டும். நல்ல தையல்காரரின் தர்மம் அது. ஊரே அதற்காகத்தான் அவரிடம் வருகிறது.

“நாளைக்குப் பெருசு பண்ணணும்னா எடம் இருக்கணும்ல, அப்பிடின்னு கை பாட்டுக்கு...”

“வீடு குண்டாகுமாங்க?”

“ஆகாது.”

“அப்புறம்?”

“பழக்கம். மனசு ஆஸ்பத்திரில இருந்துச்சு. கை கடையில இருந்துச்சு.”

“சட்டைக்கு அரை இஞ்ச் விடுவீங்க. இதுக்கு ஒன்றரை அடியா?”

“பெரிய அயிட்டம் இல்லையா,” என்றார் அவர் மிகுந்த பணிவோடு.

இரண்டு பக்கச் சுவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்பே கட்டியவை. இல்லாவிட்டால் அங்கேயும் விட்டிருப்பார், வீடு கைக்குட்டை அளவு ஆகியிருக்கும். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் கிளம்பி, வாசலில் முட்டிக்கொண்டு, இரண்டுமே வெளியே வரவில்லை. “நாளைக்கே மேஸ்திரியக் கூப்புடுங்க,” என்றாள். “சுவத்த ஒடைச்சு கல்லு இருக்கற எடத்துல கட்டட்டும். தக்காளி போனாப் போகுது. எம் பொண்ணுக்கு நான் சொன்ன சொல்லு இருக்கு.”

மேஸ்திரி வந்தார். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரை உள்ளங்கையால் தடவினார். உளியை வைத்து ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். மணி அடித்தது போல ஓசை வந்தது. பூச்சில் பொட்டுக்கூட உதிரவில்லை.

“இத ஒடைக்கறது பாவம்க்கா. நல்லா தண்ணி குடிச்ச சுவரு.”

“ஊத்துனது நீங்கதான? அந்த வெயில்ல?”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “நான் எங்க ஊத்துனேன். பூசி முடிச்சதும் அடுத்த சைட்டுக்குப் போயிட்டேன். தண்ணி ஊத்த சார் ஆள் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்.”

“நாங்க நீங்க பாத்துப்பீங்கன்னுல்ல நெனச்சோம்.”

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பூசிய சுவருக்கு வாரக்கணக்கில் தண்ணீர் விடாவிட்டால், அந்தக் கோடைக்கு அது பாளம் பாளமாக வெடித்திருக்க வேண்டும். வீட்டின் பின்சுவரும் அந்த வாரம் பூசியதுதான். ஒரு கீறல் இல்லை. வீடு பார்க்க வந்தவர்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டியிருந்தார்கள்.

“சொல்லக் கூடாதுன்னாரு,” என்றார் மேஸ்திரி, தரையைப் பார்த்தபடி. “ஒரு வாரம் கழிச்சு வந்து பாக்கறேன், சுவரெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். பின்வீட்டுப் பெருசு முக்காலி மேல நின்னு ஹோஸ் புடிச்சுக்கிட்டிருக்காரு. தெனமும் காலையில, சாயங்காலம். உங்க வீட்டுச் சுவரு வரைக்கும் எட்டி அடிக்கறாரு. ‘எதுக்கு சார் நீங்க’ன்னேன். ‘பச்சைச் சுவர வெயில்ல விட்டுட்டு ஒருத்தன் போறான்னா, வீட்டுல ஏதோ பெரிய கஷ்டம். அந்த நேரத்துல நமக்கு நன்றி வேற சொல்ல வைக்கணுமா, வாய மூடிக்கிட்டு இரு’ன்னாரு. மூடிக்கிட்டேன்.”

அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அம்மாவை உள்ளே கொண்டுபோன கதவைப் பார்த்துக்கொண்டு அவள் கடவுளிடம் பேசியது நினைவு வந்தது. அம்மாவுக்காகக் கேட்டு முடித்த பிறகு, இதையும் கேட்கலாமா என்று கூசிக்கொண்டே, “அந்த வீட்டையும் கொஞ்சம் பாத்துக்கோ” என்று சொல்லியிருந்தாள். பிறகு மறந்துபோனாள். கேட்கப்பட்டவர் மறக்கவில்லை, ஆள் அனுப்பியிருந்தார். அனுப்பிய ஆளுக்குக் குரல் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சிலருக்குக் கடவுள் கனிவைக் குரலில் வைக்காமல் கையில் வைத்துவிடுகிறார், நாம்தான் தேடத் தவறிவிடுகிறோம்.

“என்னக்கா, அடிக்கட்டா?” என்றார் மேஸ்திரி.

“வேணாம். டீ குடிச்சிட்டுப் போங்க.”

அவள் எழுந்து நேராக நாத்தனாருக்குப் போன் செய்தாள். இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் தைரியம் போய்விடும்.

“அண்ணி, அன்னம் வேண்டாம்.”

“ஏன்டி?” என்றார் நாத்தனார்.

“புடிக்கலன்னு இல்ல...” என்று இழுத்தவள், தன்னையே பிடித்து நிறுத்திக்கொண்டாள். “புடிக்கலதான் அண்ணி. எனக்கு அங்க எதுவுமே வேணாம். ஒரு ஊஞ்சல், மிச்சம் வெறும் மண்ணு. எம் பொண்ண நீங்க பாத்துக்கிட்டத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காக அன்னத்த வச்சுக்கிட்டா, தெனமும் அதப் பாத்து உங்கள திட்டுவேன். அது வேணாம்னுதான்...”

“முடிச்சிட்டியா?” என்றார் நாத்தனார். “எனக்கும் அது மூஞ்சி புடிக்கலடி. கடைக்காரன் ‘இத யாரும் வாங்க மாட்டேங்கறாங்க’ன்னு கெடந்து பொலம்புனான். பாவமா இருந்துச்சு, வாங்கிட்டேன். நீ ஒண்ணும் சொல்லலியேன்னு உனக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்.” பிறகு சற்று உறைப்பாக, “வேணாம்னா மொதல்லயே வாயத் தொறக்கறதுக்கென்ன. நான் என்ன கடிச்சா திங்கறேன்?”

இரண்டு நாள் அவர் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் தானே ஆள் கூட்டிவந்து, அன்னத்தைத் தம்பியின் கடை வாசலுக்குக் கொண்டுபோக வைத்தார். அது இப்போது கழுத்தில் ஒரு பழைய இஞ்ச் டேப்போடு அங்கே நிற்கிறது. துணி வாங்க வராதவர்களை அதட்டுவது போலிருப்பதால், சிலர் வந்து வாங்கிக்கொண்டு போகவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்னத்தோடு வரைபடத்துக் குளமும் பெஞ்சும் போன பிறகு, கணவர் சாக்பீஸோடு பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அளவு பத்தாத துணியைத் திருப்பிப் போட்டு வெட்டுகிற மாதிரி யோசித்தார். ஊஞ்சலை ஆழத்தில் ஆட விடாமல், முப்பதடி அகலத்தில் ஆடும்படி திருப்பித் தரையில் கோடு போட்டார். தாராளமாக உட்கார்ந்தது.

“இதுக்கும் தையலுக்கு விட்டீங்களா?” என்றாள் அவள்.

“விடல. நீ வேணா அளந்து பாத்துக்கோ.” கொட்டகையைப் பற்றி அவர் அதன்பின் பேச்செடுக்கவில்லை.

வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த ஊஞ்சலைப் பார்த்து, பத்து வயதாகிவிட்ட மகள், “நான் என்ன சின்னப் பாப்பாவா?” என்று உதட்டைச் சுழித்தாள். அம்மா அடுப்படிக்குத் திரும்பினாள். ஆனால் அன்று பொழுது சாய்ந்து, சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டபோது, வறண்டது நல்லதுக்குத்தான் என்று இருந்தது. “வெளிய இருக்கேம்மா,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தச் சொல்லை இந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஒரு கணக்கு மட்டும் மிச்சமிருந்தது.

கிரேன் ஒருநாள் மருந்துக்கடைக்கு வந்தார். சீட்டை நீட்டினார். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துகள்.

“ஆபரேஷன்,” என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். “பொண்ணு வீட்டுல போயி பதினஞ்சு நாள் இருக்கணுமாம். குனியக் கூடாதாம், தூசி படக் கூடாதாம்.”

அவள் சொட்டு மருந்தின் மேல் காலை, மாலை என்று எழுதினாள். என்னென்னவோ சொல்ல நினைத்தாள். ஆனால் அவர் காதுக்கு எட்டும்படி சொன்னால், கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படித்தான் நன்றி சொல்ல வேண்டும். அதை வேண்டாம் என்றுதானே அவர் மேஸ்திரியின் வாயை அடைத்தார்.

“திரும்பி வந்ததும் உன் எடத்துல இருக்கற செடிய எடுத்துடறேம்மா,” என்றார் அவர், பையில் மருந்தைத் திணித்தபடி. “அதுக்குள்ள எப்பிடியும் காஞ்சிருக்கும். தண்ணி ஊத்த ஆளில்ல. புடுங்கறது சுலபம்.”

“எடுக்க வேணாம் ஐயா. இருக்கட்டும்.”

“என்ன, சாப்பாட்டுக்கு அப்புறமா?”

“கண்ணு மருந்துங்க. சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல,” என்றாள் அவள். பின்னால் நின்றவர் இருமினார். கிரேன் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போன மறுநாள் காலை, வீட்டில் இன்னும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் பின்வாசல் கதவை ஓசைப்படாமல் திறந்தாள். ஹோஸ் பைப்பைக் குழாயில் மாட்டி, வாளியைக் கவிழ்த்து, இந்த முறை அது உருளாதபடி மண்ணில் அழுத்தி வைத்து, ஏறினாள். ஊஞ்சல் பலகை ஈரக் காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தக்காளி இலைகள் அதற்குள்ளேயே தொங்கத் தொடங்கியிருந்தன.

குழாயைச் சிறிதாகத்தான் திறந்திருந்தாள். தண்ணீர் வேரடியில் விழுந்தது. முதலில் காய்ந்த மண் சுர்ரென்று இழுத்தது. பிறகு ஓசை மெல்ல மெல்லக் கனத்து, அடங்கியது. எல்லைக்கல் கழுவப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அதைத் தாண்டி, அவருடைய நிலத்தில் இருந்த பீன்ஸுக்கும் பைப்பை நீட்டினாள். எட்டும் வரை.

தினமும் காலையில் ஒரு முறை, வேலையிலிருந்து வந்ததும் ஒரு முறை, பார்ப்பவர் இல்லாத நேரமாகப் பார்த்து ஊற்றினாள். “பைப்பு ஏன் ஈரமா இருக்கு?” என்று கணவர் கேட்டதற்கு, “புது வீட்டுல எல்லாம் ஈரமாத்தான் இருக்கும்,” என்றாள்.

அவர் திரும்பி வரும் நாளுக்கு முந்தின நாள் காலை, பச்சையாகவே பார்த்துப் பழகிய காய்களில் ஒன்று சிவந்திருந்தது. அவள் அதைப் பறிக்கவில்லை. பைப்பை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, அது கிடந்த இடத்தில் சுவர் மேல் படிந்திருந்த ஈரத்தடத்தைக் கைத்துணியால் துடைத்தாள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். வாளியை நிமிர்த்திக் குழாயடியில் வைத்துவிட்டு, மகளுக்குப் பள்ளி நேரமாகிவிடும் என்று உள்ளே போனாள்.